ஏன் அங்கேயே போய்ச் சாப்பிட வேண்டும்? ஏய்டன் ஊர் பார்பெக்யூவின் அறிவியல்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கிழக்குச் சமவெளியில் ஏய்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மாநிலத் தலைநகர் ராலேயிலிருந்து காரில் சுமார் ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் புகையிலையும் நிலக்கடலையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் விளையும் பூமி. ஊரைச் சேர்ந்ததும் கண்ணில் படுவது ஒரு குவிமாடம். வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருப்பதைப் போலவே சின்னதாக ஒன்றைச் செய்து, தாழ்வான ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். அதுதான் ஸ்கைலைட் இன். 1947-இல் பீட் ஜோன்ஸ் தம் 17-ஆம் வயதில் தொடங்கிய கடை. 1979-இல் நேஷனல் ஜியாகிரபிக் வெளியீடு ஒன்று இதை பார்பெக்யூவின், அதாவது தணலில் மெதுவாக வாட்டும் கறியின், தலைநகரம் என்று எழுதியது. தலைநகரம் என்று சொன்ன பிறகு குவிமாடம் இல்லாமல் எப்படி என்று 1984-இல் அதைக் கட்டினார்கள். 2003-இல், அமெரிக்க உணவுத் துறையில் பெரிய கௌரவமாகக் கருதப்படும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் விருது வந்தது. பீட் ஜோன்ஸ் 2006-இல் காலமானார். கடை இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

கடைக்குப் பெயர் வாங்கித் தந்த உணவுப் பட்டியல் மிகச் சிறியது. கொத்திய பன்றிக்கறி, தட்டையான மக்காச்சோள ரொட்டி, பொடியாக நறுக்கிய இனிப்பு முட்டைக்கோஸ் சாலட். மூன்றையும் காகிதத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தருவார்கள். இதற்காகத்தான் பல மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். இதே கறியை வீட்டு அடுப்பில் செய்ய முடியாதா, பொட்டலம் கட்டி அனுப்ப முடியாதா என்று கேட்கத் தோன்றும். முடியாது என்பதற்குப் பௌதிகத்திலும் வேதியியலிலும் உறுதியான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நெருப்பு. இங்கே விறகை நேரடியாகக் கறிக்கு அடியில் வைத்து எரிப்பதில்லை. ஓக் மரக்கட்டைகளைத் தனியாக ஒரு பெரிய கணப்பில் எரிக்கிறார்கள். அவை எரிந்து செக்கச்செவேலென்று தணலாக உடைந்து விழுந்ததும், நீண்ட கைப்பிடி வைத்த மண்வாரியால் அள்ளிக்கொண்டு போய்ச் செங்கல் குழிகளுக்குள் போடுகிறார்கள். குழியின் மேலே கம்பிகள். கம்பிகளின் மேல், முதுகெலும்போடு பிளந்து விரித்த முழுப் பன்றி, இறைச்சிப் பக்கம் கீழே பார்க்க, தோல் மேலே பார்க்கக் கிடக்கும். மதியத்துக்கு மேல் ஏற்றினால் மறுநாள் காலைவரை வேகும்.

விறகைத் தனியாக எரிப்பது ஏன்? காய்ந்த மரத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்னும் சர்க்கரைச் சங்கிலிகள். நான்கில் ஒரு பங்கு அளவுக்கு லிக்னின் என்னும் பசை. மரம் சூடாகும்போது இவை அப்படியே தீப்பிடிப்பதில்லை. முதலில் உடைந்து ஆவியாகின்றன. அந்த ஆவிதான் புகை, அந்த ஆவி எரியும்போதுதான் சுடர். சர்க்கரைச் சங்கிலிகள் உடைந்தால் அசெட்டிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு, கேரமல் வாசனை தரும் ஃபியூரான்கள் வரும். லிக்னின் உடைந்தால் குவாயகால், சிரிங்கால் என்ற ஃபீனால் வகைகள் வரும். புகைபோட்ட உணவு என்றதும் மூக்கு அடையாளம் காண்பது பெரும்பாலும் இந்த இரண்டையும்தான். ஓக், ஹிக்கரி போன்ற கடினமரங்களின் லிக்னினில் சிரிங்கால் தரும் பகுதி நிறைய உண்டு. பைன் மரத்தில் அது கிடையாது. அதோடு பைனில் பிசினும் இருக்கிறது, அது கரும்புகையாகக் கறியில் படியும். அதனால்தான் பைன் காடுகள் நிறைந்த அந்தப் பகுதியிலும் ஓக் கட்டையைத் தேடி வாங்குகிறார்கள்.

சரி, மரம் தணலாகும் நேரத்துக்குள் இந்த ஆவிகளில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகப் போய்விடுகிறது, விறகைத் தனியாக எரிப்பது இதற்காகத்தான். தணல் என்பது கிட்டத்தட்ட வெறும் கார்பன். அதிலிருந்து வெப்பம் வரும், கார்பன் மோனாக்ஸைடு வரும், கண்ணுக்குத் தெரியும் புகை கொஞ்சம்தான் வரும். அப்படியானால் ஸ்கைலைட் இன் கறியில் அடிக்கும் அந்த ஆழமான வாசனை எங்கிருந்து வருகிறது?

பன்றியிலிருந்துதான். இறைச்சிப் பக்கம் கீழே பார்த்துக் கிடப்பதால், உருகும் கொழுப்பும் கசியும் சாறும் நேராகத் தணலில் சொட்டுகின்றன. தணலின் வெப்பம் 600, 700 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். கொழுப்புத் துளி பட்டதும் 'சுர்' என்று ஆவியாகிறது. கொழுப்பு அமிலங்கள் உடைந்து ஆல்டிஹைடுகள், கீட்டோன்கள் ஆகின்றன. சாற்றில் இருக்கும் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து, வறுத்த வாசனை தரும் பைரசீன்கள் ஆகின்றன. இந்த ஆவி எழும்பி, மேலே கிடக்கும் அதே பன்றியின் ஈரமான அடிப்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. குளிர்ந்த, ஈரமான பரப்பில் ஆவி அதிகமாகப் படியும். கறி தணலைவிட எப்போதும் குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது, அதனால் படிவது இரவெல்லாம் நிற்காது. பன்றி தன் கொழுப்பின் புகையிலேயே மணம் ஏற்றிக்கொள்கிறது. டெக்சாஸ் மாட்டிறைச்சியில் விறகுப் புகை தூக்கலாக இருக்கும். அங்கே தீ ஒரு பெட்டியில், கறி வேறு பெட்டியில். புகை மட்டும் பக்கவாட்டில் வந்து கறியைத் தழுவிப் போகும், கொழுப்பு தீயில் விழாது. இரண்டும் பார்பெக்யூதான், ஆனால் ருசியின் பிறப்பிடமே வேறு. ஸ்கைலைட் இன்னைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் சொல்வது இதைத்தான்: தணலில் கொழுப்பு சொட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த ருசி கிடையாது.

இப்படிச் சொட்டுவதில் ஆபத்தும் இருக்கிறது. அளவுக்கு மீறிச் சொட்டினால் தணல் குப்பென்று தீப்பிடிக்கும், கொழுப்புத் தீ சில நிமிடங்களில் பன்றி முழுவதையும் கரியாக்கிவிடும். அந்தப் பகுதிகளில் வேகவைக்கும் கொட்டகையைச் சாப்பிடும் இடத்திலிருந்து தள்ளிக் கட்டுவது இதற்காகத்தான். குழிக்காரர் தணலை எங்கே போடுகிறார் என்று பார்த்தால் அந்த வேலையின் நுட்பம் புரியும். தொடைக்கும் முன்சப்பைக்கும் அடியில் நிறையப் போடுவார். நடு வயிற்றுக்கு அடியில் ஏறக்குறைய ஒன்றும் போட மாட்டார். வயிற்றுப் பக்கம்தான் கொழுப்பு அதிகம் சொட்டும், சதையும் அங்கேதான் மெல்லியது.

சதையின் தடிமன் வேகும் நேரத்தை எப்படி மாற்றுகிறது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. வெப்பம் கறிக்குள் பரவும் வேகம் மிகக் குறைவு. பரவல் கெழு என்று சொல்லும் அளவு இறைச்சிக்கு, நொடிக்கு ஏறக்குறைய 0.14 சதுர மில்லிமீட்டர். அதை வைத்துப் பார்த்தால், மேற்பரப்பின் சூடு 1 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நன்றாக எட்டச் சுமார் 12 நிமிடம் ஆகும். 2 சென்டிமீட்டருக்கு 24 நிமிடம் இல்லை, 48 நிமிடம். ஆழம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். தொடையின் நடுப்பகுதி மேற்பரப்பிலிருந்து 8 சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 64 பெருக்கல் 12 நிமிடம், அதாவது ஏறக்குறைய 13 மணி நேரம். ஓர் இரவு முழுக்க என்று குழிக்காரர்கள் சொல்வது எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறது. தீயைக் கூட்டினால் வெளிப்புறம் கருகுமே தவிர, நடுப்பகுதிக்குச் சூடு போகும் வேகம் அதிகம் மாறாது. அதனால் குழியின் வெப்பத்தை 110, 120 டிகிரி சுற்றிலேயே வைத்துக்கொண்டு பொறுமையாக இருக்க வேண்டியிருக்கிறது.

பொறுமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பன்றிக்கறி தின்னப் பாதுகாப்பாக இருக்க 63 டிகிரி போதும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. பார்பெக்யூக்காரர்கள் அதை 90 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறார்கள். 63 டிகிரியில் எடுத்த முன்சப்பையைக் கடித்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும், ரப்பர் மாதிரி இழுக்கும். அந்த இழுவைக்குக் காரணம் கொலாஜன். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிப் பின்னிய கயிறு அது. நடக்கிற, நிற்கிற, எடையைத் தாங்குகிற தசைகளில் அது நிறைய இருக்கும். முன்சப்பையில் அதிகம், முதுகுக் கறியில் குறைவு.

சூடு ஏறும்போது தசைக்குள் இரண்டு வேலைகள் எதிரெதிராக நடக்கின்றன. 50 டிகிரியைத் தாண்டியதும் மயோசின் என்ற தசைப்புரதம் சுருளத் தொடங்கும். 65 முதல் 75 டிகிரிக்குள் ஆக்டின் என்ற மற்றொன்றும் சுருண்டு, தசை நார்கள் இறுகி, உள்ளே இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். கறி வறளும், கடினமாகும். அதே நேரத்தில் 60 டிகிரிக்கு மேல் கொலாஜன் கயிறு சுருங்கி முறுக்கு அவிழத் தொடங்குகிறது. அவிழ்ந்த சங்கிலிகள் ஜெலட்டினாகின்றன, நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழுவழுப்பான பொருள். ஆனால் கறி சூடானவுடன் புரதம் சுருண்டுவிடும், கொலாஜனோ கரைவதற்கு மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். 70 டிகிரிக்குக் கீழே அது நத்தை வேகம், 80, 90-இல் நன்றாக விரையும். நடுவில் ஒரு கட்டம் வரும், கறி வறண்டும் இருக்கும், கடினமாகவும் இருக்கும். அந்தக் கட்டத்தில் குழியைத் திறந்து பார்ப்பவர் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைப்பார். அதையும் தாண்டி விட்டுவைத்தால், பிழிந்துபோன நீருக்குப் பதிலாக ஜெலட்டினும் உருகிய கொழுப்பும் நார்களைச் சுற்றிக்கொள்கின்றன. நாக்குக்கு அது சாறாகவே தெரிகிறது. இறைச்சிக்கு வளர்க்கும் பன்றிகளை ஆறு மாத வயதை ஒட்டியே வெட்டிவிடுகிறார்கள், அதனால் அவற்றின் கொலாஜனில் குறுக்குப் பிணைப்புகள் குறைவு, கரைவதும் எளிது. வயதான பன்றி என்றால் இன்னும் பல மணி நேரம் கேட்கும்.

இந்தப் பயணத்தின் நடுவே பார்பெக்யூக்காரர்களை நெடுங்காலம் குழப்பிய ஒரு விஷயம் உண்டு. கறியின் உள்வெப்பம் சீராக ஏறிக்கொண்டே வந்து, 65, 70 டிகிரி பக்கம் அப்படியே நின்றுவிடும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், சில சமயம் ஐந்து ஆறு மணி நேரம்கூட ஒரு டிகிரி ஏறாது. தணல் அப்படியேதான் இருக்கும், குழியின் வெப்பமும் மாறியிருக்காது. கொலாஜன் கரைவதற்கு வெப்பம் செலவாகிறது என்று சிலர் சொன்னார்கள். கொழுப்பு உருகுவதற்கு என்று வேறு சிலர். கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் இதைச் சோதனை செய்து பார்த்தார். கறியைத் தவிர, ஒரு பெரிய கொழுப்புக் கட்டியையும் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சையும் சூடாக்கிப் பார்த்தார். கொழுப்புக் கட்டி நிற்காமல் சூடேறிக்கொண்டே போனது. வெறும் தண்ணீர் மட்டுமே இருந்த ஸ்பாஞ்ச், கறியைப் போலவே நடுவழியில் நின்றது. ஸ்பாஞ்சில் கொலாஜனும் இல்லை, கொழுப்பும் இல்லை. ஆகவே காரணம் நீர் ஆவியாவதுதான்.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. பானையின் வெளிப்புறம் கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. குழிமேல் கிடக்கும் கறியிலும் அதே கதை. 1 கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,260 ஜூல் வேண்டும், அரை லிட்டருக்குச் சற்று அதிகமான நீரை ஒரு டிகிரி சூடாக்கப் போதுமான ஆற்றல் அது. இதை முழுப் பன்றிக்குப் போட்டுப் பார்ப்போம். பன்றியின் எடை 80 கிலோ, இரவில் 10 கிலோ நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நீருக்கு மட்டும் 22,600 கிலோஜூல். பன்றி முழுவதையும் 5 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாக்கத் தேவைப்படுவதோ 20,000 கிலோஜூலைச் சற்றுத் தாண்டும். பாதிக்கு மேற்பட்ட வெப்பம் நீரை விரட்டவே போகிறது. கறிக்குள் வரும் வெப்பமும் ஆவியோடு வெளியே போகும் வெப்பமும் சமமாகிவிட்டால் வெப்பமானி நிற்காமல் என்ன செய்யும்? மேற்பரப்பு ஓரளவு காய்ந்த பிறகுதான் அது மறுபடி நகரும்.

போட்டிகளில் கலந்துகொள்கிறவர்கள் இந்தக் கட்டத்தில் கறியை அலுமினியத் தாளில் சுற்றிவிடுவார்கள். ஆவி வெளியே போக முடியாது, நேரம் மிச்சமாகும். முழுப் பன்றியில் அது நடக்காது, நடக்கவும் தேவையில்லை என்பது என் கருத்து. மேலே இருக்கும் தடித்த தோல் அந்தப் பக்கம் நீர் வெளியேறாமல் பார்த்துக்கொள்கிறது. கீழ்ப்பக்கம் காய்வதால்தான் பழுப்பு நிறமும் மணமும் ஏறுகின்றன. மயில்லார்டு வினை, அதாவது அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகும் வினை, ஈரமான பரப்பில் மிக மெதுவாகவே நடக்கும். பரப்பு காய்ந்து 115, 120 டிகிரியைத் தொட்டால்தான் வேகம் பிடிக்கும். வெப்பமானி நிற்கும் அந்த மணிநேரங்களில் மேல்தோற்றத்தில் ஒன்றும் நடக்காததுபோல் இருந்தாலும், உள்ளே கொலாஜன் கரைந்துகொண்டிருக்கிறது, வெளியே மேற்பரப்பு பழுப்புக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது.

கறியின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெக்சாஸ் மாட்டிறைச்சிக்காரர்கள் அதைப் பெருமையோடு காட்டுவார்கள். விறகு எரியும்போது வரும் நைட்ரிக் ஆக்ஸைடு ஈரப் பரப்பில் கரைந்து உள்ளே போய், மயோகுளோபின் என்ற நிறமியோடு சேர்ந்து அதன் சிவப்பைப் பழுப்பாக விடாமல் காப்பாற்றுகிறது. அவ்வளவுதான். பார்க்க அழகு, ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏய்டனில் எல்லாவற்றையும் கொத்திக் கலந்துவிடுவதால் அதைத் தேடுவாரும் இல்லை.

விடிந்ததும் பன்றியைத் திருப்பிப் போடுவார்கள். இப்போது தோல் கீழே. நன்றாக வெந்த பன்றி கையோடு பிய்ந்துவிடும் பதத்தில் இருக்கும் என்பதால் இதற்கு அனுபவசாலிகள் வேண்டும். அப்புறம் தோலுக்கு அடியில் புதுத் தணலைப் பரப்பி வெப்பத்தைக் கூட்டுகிறார்கள். ஸ்கைலைட் இன்னின் தனி அடையாளம் இந்தக் கட்டத்தில்தான் உருவாகிறது.

பன்றித் தோல் பெரும்பாலும் கொலாஜனும் நீரும்தான். இரவெல்லாம் மெதுவாகச் சூடானதில் கொலாஜன் ஜெலட்டினாகியிருக்கும், நீரில் பெரும்பகுதி போயிருக்கும். மிச்சமிருக்கும் கொஞ்சம் நீர்தான் இப்போது வேலை செய்யப் போகிறது. கடும் வெப்பம் பட்டதும் அது நீராவியாகிறது. நீர் ஆவியானால் அதன் கனஅளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகும். அந்த நேரத்தில் ஜெலட்டின் சூட்டில் இளகி நெகிழ்வாக இருப்பதால், ஆவி அதை ஊதிக் கொப்புளங்களாக்குகிறது. சூடு தணிந்ததும் அந்தக் கொப்புளச் சுவர்கள் கண்ணாடி போன்ற கெட்டி நிலைக்குப் போய்விடும். கடித்தால் நொறுங்கும். தோலில் நீர் கூடுதலாக மிஞ்சியிருந்தால் அது ஊதாது, செருப்புத் தோலாகவே நிற்கும். முழுக்கக் காய்ந்துபோயிருந்தாலும் ஊத ஆவி இல்லாமல் கல்லாகிவிடும். முந்தின இரவு முழுக்கப் பார்த்துக்கொண்ட மிதமான வெப்பம்தான் தோலில் சரியான அளவு ஈரத்தை விட்டுவைக்கிறது. தோல் மொறுமொறுப்பதைக் கடைசி நிமிட வேலை என்று நினைக்கிறவர்கள் அதனால்தான் தோற்கிறார்கள்.

பிறகு வெட்டுக்கட்டை. கடையின் முகப்பிலேயே, வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போதே பார்க்கக் கிடைக்கும் காட்சி இது. கைக்கொன்றாக இரண்டு கனத்த வெட்டுக்கத்திகள். தடதடவென்று ஓயாத சத்தம். வருடக்கணக்கில் அடிவாங்கி நடுப்பக்கம் குழிந்துபோன மரக்கட்டை. தொடை, முன்சப்பை, முதுகுக் கறி, வயிற்றுக் கொழுப்பு, கன்னத்துச் சதை என்று எல்லாம் அதன்மேல் வந்து விழுகிறது. ஊதிய தோலும் சேர்ந்து விழுந்து சில்லுசில்லாக உடைகிறது. நடுநடுவே வினிகர், மிளகாய்ச் சாறு, உப்பு, மிளகுத்தூள். வேறு எதுவும் கிடையாது.

கொத்துவதை வெறும் பரிமாறும் வசதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதுகுக் கறியில் கொலாஜன் குறைவு என்று பார்த்தோம். 90 டிகிரியை எட்டிய முதுகுக் கறியைத் தனியாகத் தின்றால் வாய் உலர்ந்துவிடும். முன்சப்பையில் ஜெலட்டின் மிதமிஞ்சி இருக்கிறது, வயிற்றில் கொழுப்பு மிதமிஞ்சி இருக்கிறது. கொத்தும்போது அந்த ஜெலட்டினும் கொழுப்பும் வறண்ட நார்களின் மேல் பூசிக்கொள்கின்றன. நீளமான நார்கள் குட்டையாகின்றன, அதனால் பல்லுக்கு வேலை குறைகிறது. ஒரு பாகத்தின் குறையை இன்னொரு பாகம் நிரப்புகிறது. முழுப் பன்றியை வாட்டும் முறைக்கே இதுதான் அறிவியல் நியாயம், தனிப் பாகங்களை வாங்கி வாட்டினால் இந்தக் கலவை வாய்க்காது. மாநிலத்தின் மேற்குப் பக்கம் லெக்சிங்டன் பாணிக்காரர்கள் முன்சப்பையை மட்டும் வாட்டி, வினிகரில் தக்காளிச் சாறும் சேர்ப்பார்கள். கிழக்கத்தியர் தக்காளியைத் தொடவே மாட்டார்கள். இந்தச் சண்டை அங்கே பல தலைமுறைகளாக நடக்கிறது.

வினிகரின் வேலை என்ன? பன்றிக் கொழுப்பு மாட்டுக் கொழுப்பைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும். அதில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் அதிகம். வாயின் சூட்டிலேயே அதில் பெரும்பகுதி இளகி நாக்கில் படர்ந்துவிடும். முதல் இரண்டு கவளம் அருமையாக இருக்கும், நாலாவது கவளத்தில் திகட்டும். புளிப்பு பட்டதும் உமிழ்நீர் ஊறும், அந்தக் கொழுப்புப் படலம் கழுவப்படும், அடுத்த கவளத்துக்கு நாக்கு தயாராகும். மிளகாயின் கேப்சைசின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் காரம் கொழுப்போடு சேர்ந்து கறி முழுக்கப் பரவுகிறது, ஓரிடத்தில் மட்டும் சுரீரென்று குத்துவதில்லை.

இந்த அறிவு எல்லாம் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததில்லை. அமெரிக்கத் தெற்கில் முழுப் பன்றி வாட்டும் கலையை வளர்த்துக் கட்டிக் காத்ததில் பெரும்பங்கு, அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க வம்சாவளிச் சமையல்காரர்களுக்கு உரியது. தோட்ட முதலாளிகளின் விருந்துகளுக்கு இரவெல்லாம் குழியருகே நின்றவர்கள் அவர்கள். பெயர் எழுதிவைக்கப்படாத அந்த மனிதர்கள்தான் தணலின் தூரத்தையும் புகையின் நிறத்தையும் கையால் அளந்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். தென் கரோலினாவின் ஹெமிங்வே ஊரில் அதே மரபில் வளர்ந்த ரோட்னி ஸ்காட் 2018-இல் ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றபோது, அந்த அங்கீகாரம் மிகத் தாமதமாக வந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட கரோலினாவின் பல கடைகள் எரிவாயு அடுப்புக்கும் மின் அடுப்புக்கும் மாறிவிட்டன. அதைக் குறை சொல்வது எளிது. விறகு விலை, ஆள் கூலி, இரவுக் காவல், தீ விபத்துக்கான காப்பீடு என்று கடைக்காரருக்கு ஆயிரம் கவலை. எரிவாயு அடுப்பில் கொலாஜன் நன்றாகவே கரையும், கறியும் மிருதுவாகவே வரும். ஆனால் அந்த அடுப்புகளில் கொழுப்பு ஒரு தட்டில் வடிந்து வெளியேறும்படி அமைத்திருப்பார்கள். தணலில் விழாது, ஆவியாகாது, திரும்பி வந்து கறியில் ஒட்டாது. மிருதுத்தன்மை வெப்பத்தின் வேலை, மணம் தணலின் வேலை. முதலாவதை எந்த அடுப்பும் தரும், இரண்டாவதை அது தராது. விறகில் வேகாதது பார்பெக்யூவே இல்லை என்று ஸ்கைலைட் இன் காரர்கள் பலகை எழுதி வைத்திருப்பதை வெறும் பிடிவாதம் என்று யாராவது சொன்னால், நான் கடைக்காரர்கள் பக்கம்தான் நிற்பேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொழுப்பு தணலில் விழுந்து ஆவியாகும்போது பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் என்ற பொருள்களும் உருவாகின்றன. அவற்றில் பென்சோபைரீன் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதிப்பட்ட பொருள். கொழுப்பு தீப்பிடித்துச் சுடர் கறியை நக்கும்போது இவை மிக அதிகமாக வரும், தணலைக் குறைவாகவும் தள்ளியும் வைத்து நிதானமாக வாட்டினால் குறையும். வயிற்றுக்கு அடியில் தணல் போடாத அந்தப் பழைய பழக்கம் இங்கேயும் உதவுகிறது. என்றாலும் தினமும் தின்னும் பண்டம் இல்லை இது. எப்போதாவது வண்டி எடுத்துக்கொண்டு போய்த் தின்பதே அதற்கு ஏற்ற அளவு.

கடைசியாக, பொட்டலம் கட்டி வாங்கி வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி. கறியைவிடத் தோல்தான் முதலில் தோற்கும். ஊதிய தோலின் மொறுமொறுப்புக்குக் காரணம் அந்தக் கண்ணாடி நிலை என்றேன். ஜெலட்டின் கொஞ்சம் நீரை உறிஞ்சினாலும் அந்த நிலை கலைந்து, அறை வெப்பத்திலேயே ரப்பராகிவிடும். மூடிய பெட்டிக்குள் சூடான கறியிலிருந்து கிளம்பும் ஆவி வேறு எங்கே போகும்? வினிகரின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். வீடு வந்து சேர்வதற்குள் சில்லுகள் நமத்திருக்கும். கறியே குளிர்பெட்டியில் ஒன்றிரண்டு நாள் இருந்தால், மயோகுளோபினிலிருந்து விடுபட்ட இரும்பு நிறைவுறாக் கொழுப்பை ஆக்ஸிஜனேற்றத் தொடங்கும். மறுபடி சூடாக்கினால் அட்டைப்பெட்டி நாற்றம் என்று சொல்வார்களே, அது இதனால் வருவதுதான். குவாயகால் போன்ற புகை ஃபீனால்கள் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுப்பவை, அதனால் விறகில் வெந்த கறி மற்றதைவிடச் சற்றுத் தாக்குப்பிடிக்கும். ஆனால் தோலுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. எனவே தூரம் போகிறவர்கள் கடையிலேயே உட்கார்ந்து, தட்டு கைக்கு வந்த சூட்டோடு, தோல் சில்லு நிறைய உள்ள பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ரொட்டியும் சாலடும் காத்திருக்கும்.